ஏடிஆரா, ஏ320-ஆ, வைட்பாடியா? சிபிஎல் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் பைலட் லைசென்ஸ்) வாங்கிவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அமெரிக்க பைலட்டுகள் யூடியூபில் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். முதலில் ரீஜனல் (சின்ன ஊர்களுக்கு ஓட்டும் கம்பெனி), அப்புறம் லோ-காஸ்ட் (மலிவு டிக்கெட் கம்பெனி), கடைசியில் மேஜர் (பெரிய கம்பெனி) என்று ஒரு ஏணியை மனதில் வைத்துக்கொண்டு, "அண்ணா, எந்தப் படியில் கால் வைக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். அந்த ஏணி அமெரிக்காவில் உண்டு. 2009-இல் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தால் 2013 முதல் அங்கே கோ-பைலட் சீட்டில் உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அதனால் சின்ன விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து பறந்த மணி நேரத்தைச் சேர்த்து, ரீஜனலில் புகுந்து, வருடக்கணக்கில் காத்திருந்து மேலே போகிறார்கள்.

இங்கே கதையே வேறு. 200 மணி நேரத்தில் சிபிஎல், மேலே ஒரு டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டத் தகுதி), கம்பெனி தேர்வில் பாஸ் என்றால், சைக்கிள் ஓட்டிப் பழகிய கையோடு வால்வோ பஸ்ஸில் ஏறுவது போல நேரே ஏ320 ஜெட்டின் வலது சீட்டுக்கு, அதாவது கோ-பைலட் சீட்டுக்குப் போய்விடலாம். போதாததற்கு நம் ஊரில் லோ-காஸ்ட் கம்பெனிதான் பெரிய கம்பெனி. உள்நாட்டில் பறக்கிற பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் போகிறார்கள். அந்த இண்டிகோவே 2017 டிசம்பரிலிருந்து ஏடிஆர் என்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானமும் ஓட்டுகிறது, நெடுந்தூரம் போகும் ஏ350-க்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, 2025 ஜூலையில் வாடகைக்கு எடுத்த 787-ஐ வைத்து மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாம் வரை போக ஆரம்பித்துவிட்டது. மேஜர் என்று சொல்லப்படும் ஏர் இந்தியாவுக்கோ எக்ஸ்பிரஸ் என்று ஒரு லோ-காஸ்ட் தங்கை. ஆகவே கம்பெனியின் பெயர்ப்பலகையை வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. எந்த விமானம், எந்த ஊர் பேஸ் (டியூட்டி தொடங்கி முடியும் ஊர்), எத்தனை ராத்திரி வீட்டில் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அப்படித்தான் நான் பார்க்கிறேன். ஏடிஆரில் ஐந்து வருடம், அப்புறம் ஏ320, இதுதான் என் அனுபவம். வைட்பாடி (787, ஏ350 மாதிரி அகலமான நெடுந்தூர விமானம்) பற்றிச் சொல்வதெல்லாம் கூடப் படித்தவர்கள் புலம்பியதையும் பெருமையடித்ததையும் வைத்துத்தான்.

முதலில் ஏடிஆர். "ஐயோ, ஃபேன் வைத்த விமானமா" என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏ320 முப்பத்தைந்தாயிரம் அடியில் மழை மேகத்தில் பெரும்பாலானவற்றைக் கீழே விட்டுவிட்டுப் போகும். ஏடிஆரின் உச்சவரம்பே 25,000 அடி, வழக்கமாகப் போவது அதற்கும் கீழே. நவம்பர் மாதம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்பினால் மேகத்தைத் தாண்டுகிற பேச்சே இல்லை, ரேடாரைப் பார்த்து வழி தேடி வளைந்து நெளிந்துதான் போக வேண்டும். ஒரு நாளில் நான்கு செக்டார் (ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவது ஒரு செக்டார்), சில நாள் அதற்கு மேல், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் சொச்சம். நேரம் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் லேண்டிங் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். அகத்தி ரன்வே சுமார் 1,200 மீட்டர்தான், இரண்டு பக்கமும் கடல். அங்கே ஏ320 போகாது, ஏடிஆர் போகும். அந்த மாதிரி இடங்களில் இறக்கிப் பழகிய கைக்கு ஒரு நிதானம் வரும், அது பிறகு எந்த விமானத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

கஷ்டமும் உண்டு. ஏடிஆரில் ஏபியு (தரையில் மின்சாரமும் ஏசி காற்றும் தரும் சின்ன துணை என்ஜின்) கிடையாது. தரையில் நிற்கும்போது வலது பக்க என்ஜினை ஓடவிட்டு, பிரேக் போட்டு அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் நிறுத்திவைத்து மின்சாரமும் காற்றும் எடுக்க வேண்டும், அதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். பெயரில்தான் ஹோட்டல். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு சேலத்தில் உட்கார்ந்து பாருங்கள், சட்டையைப் பிழிந்து காயப்போடலாம்.

கமாண்ட், அதாவது கேப்டன் ஆகிற விஷயத்தில் ஏடிஆருக்கு ஒரு லாபம். கேப்டன் ஆக ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம். ஜெட் கம்பெனிகள் அதற்கு மேலேயும் நிறைய அனுபவம் கேட்கும், ஏடிஆரில் அந்த எதிர்பார்ப்பு பொதுவாகக் குறைவு. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இடது சீட்டில் உட்கார்ந்தவர்கள் எனக்குத் தெரிய இருக்கிறார்கள். ஆனால் கேப்டனாகப் பறந்த அந்த மணி நேரத்தை (பி-ஒன்) எடுத்துக்கொண்டு ஜெட்டுக்குப் போனால் பெரும்பாலும் மறுபடி வலது சீட்டுதான். காரணம், ஏடிஆரின் அதிகபட்ச எடை 23 டன்தான், ஏ320நியோ 79 டன். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல கம்பெனிகள் ஜெட்டில் பறந்த மணி நேரத்தைத்தான் கேட்கும். அப்போதுதான் வலிக்கும். நானும் தோளில் கேப்டனின் நாலு கோட்டைக் கழற்றி கோ-பைலட்டின் மூணு கோடு போட்டுக்கொண்டவன்தான். முதல் மாதம் வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

சரி, ரீஜனல் கம்பெனிகளின் உண்மையான ஆபத்து அவர்கள் ஓட்டும் விமானத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் ஒரு ரூட்டுக்கு அரசு தரும் மானியம் மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் அந்த ஊரில் டிக்கெட் வாங்கி ஏறுகிற கூட்டம் சேராவிட்டால் ரூட் படுத்துவிடும். ஒதுக்கிய 774 ரூட்டுகளில் பாதிக்கும் மேல் தொடங்கவே இல்லை என்று 2023-இல் சிஏஜி (மத்திய அரசின் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கையே சொன்னது. சென்னை–சேலம் ஓட்டிய ட்ரூஜெட் 2022-இல் நின்றது. அதற்கு முன் ஏர் பெகாசஸ், ஏர் கோஸ்டா. தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பிய பாரமவுண்ட் 2010-இல் முடிந்துபோனது. நான் முதலில் இருந்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) சம்பளம் பத்து நாள் தாமதம் ஒரு மாதம் ஆகி, அப்புறம் மூன்று மாதம் ஆனது. அந்தச் சமயத்தில் அப்பா நகைக்கடனுக்கு வட்டி கட்டியதை நான் மறக்கவில்லை. அலையன்ஸ் ஏர் மாதிரி அரசு கையில் இருப்பது வேறு வகை, டாடா ஏர் இந்தியாவை வாங்கியபோது இது அதோடு சேர்ந்து போகவில்லை, அரசிடமே நின்றது. மூடிவிடுவார்கள் என்ற பயம் குறைவு. வளருமா என்பது வேறு கேள்வி.

ஆனால் பெரிய கம்பெனி மட்டும் சாகாதா என்றால், கிங்ஃபிஷர் 2012, ஜெட் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023. மூன்றிலும் பைலட்டுகள் சம்பள பாக்கியோடுதான் வெளியே வந்தார்கள். கோ ஃபர்ஸ்ட் தன் விமானங்களில் பாதி நின்றதற்கு பிராட் அண்ட் விட்னி என்ஜினைக் காரணம் சொன்னது. அதே வகை என்ஜின் பிரச்சினையில் இண்டிகோவும் ஏகப்பட்ட விமானங்களை நிறுத்தி வைத்தது, ஆனால் அது தாங்கியது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நேர்காணலுக்கு முன் இதைத் தோண்டிப் பாருங்கள்: எத்தனை விமானம் வைத்திருக்கிறது என்பதை விட, எத்தனை விமானம் பறக்கிறது?

லோ-காஸ்ட் ஏ320 வாழ்க்கை என்பது ரோஸ்டர்தான், அதாவது டியூட்டி அட்டவணைதான். அரை மணி நேரத்தில் ஆளை இறக்கி ஆளை ஏற்றிக் கிளம்ப வேண்டும், சாப்பாடு காக்பிட்டில்தான், அதுவும் பாதி ஆறியிருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு வண்டி வாசலில் நிற்கும். விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் புது ஓய்வு விதிகளைக் கொண்டுவந்தது: வார ஓய்வு 36-இலிருந்து 48 மணி நேரம், ராத்திரி லேண்டிங் ஆறிலிருந்து இரண்டு. கம்பெனிகள் இழுத்தன, பைலட் சங்கங்கள் டில்லி உயர்நீதிமன்றம் போயின, கடைசியில் 2025-இல் ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக அமலானது. டிசம்பர் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. இண்டிகோ டிசம்பர் 5-ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல் விமானங்களை ரத்து செய்தது, டிஜிசிஏ தற்காலிகமாக விதியைத் தளர்த்தியது. பயணிகள் கோபம் நியாயம்தான். ஆனால் உள்ளே இருந்து பார்த்த எங்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆளைக் கச்சிதமாக எண்ணி வைத்து, ஒவ்வொருவரையும் விளிம்பு வரை ஓட்டுவதுதான் லோ-காஸ்ட் வேலை செய்கிற விதமே. வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்ற வரம்பு எதற்கு இருக்கிறது என்று அங்கே சேர்ந்த பிறகு புரியும். இளவயதில் இதுவே லாபம்: லாக்புக் நிரம்பும், மணிக்கணக்கில் வரும் பணமும் சேரும், விமானங்கள் வந்துகொண்டே இருப்பதால் கமாண்டும் நகரும். நாற்பது தாண்டி முதுகு வலிக்கத் தொடங்கினால் அதே ரோஸ்டர் வேறு மாதிரி தெரியும்.

வைட்பாடிக்கு வருகிறேன். டில்லி–சான் ஃபிரான்சிஸ்கோ பதினைந்து, பதினாறு மணி நேரம், நான்கு பைலட்டுகள், நடுவில் படுத்துத் தூங்க இடம். மரியாதை, நல்ல ஹோட்டல், மாதத்தில் சில டிரிப்தான். கேட்க நன்றாக இருக்கிறதா? நான்கு பேர் இருக்கும் விமானத்தில் லேண்டிங் ஒன்றுதானே, அதை யார் செய்வது? 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கணக்கைக் காப்பாற்ற சிமுலேட்டருக்குப் போகிறவர்கள் உண்டு. 250 மணி நேரத்தோடு அந்தச் சீட்டில் போய் உட்கார்ந்தால் நேரம் சேரும், கை சேராது. இன்னொன்று, நெடுந்தூர விமானங்கள் பெரும்பாலும் டில்லி, மும்பையிலிருந்துதான். திருச்சிக்காரர் டில்லியில் வாடகை கொடுத்துக்கொண்டு, லீவு நாளில் பாதியை ஊருக்கு வந்து போவதிலேயே கழிப்பார். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி மூடியதிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டிவந்து டியூட்டி இன்னும் நீண்டது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதம் என்று கேளுங்கள். 2024 ஏப்ரலில் விஸ்தாராவில் பைலட்டுகள் ஏன் கொதித்தார்கள்? ஏர் இந்தியாவோடு இணைவதற்காகக் கொடுத்த புது ஒப்பந்தத்தில் நிலையான சம்பளம் 70 மணி நேரத்துக்குப் பதில் 40 மணி நேரத்துக்கு என்று ஆனது. ரேட் எப்படி இருந்தாலும் பறக்காத மாதம் கையில் வருவது குறையும், ஈஎம்ஐ குறையாது. இணைப்பில் சீனியாரிட்டி பட்டியல் எப்படிக் கலக்கும் என்ற பயம் தனி. அந்த வகையில் மேஜர் என்பது பாதுகாப்பான இடம் என்று எல்லோரும் சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன்.

என்னைக் கேட்டால், 200 மணி நேரத்தோடு நிற்பவருக்கு முதல் தேர்வு ஏடிஆரும் ஏ320-உம் இரண்டுமே வைத்திருக்கும் கம்பெனி. முதலில் ஏடிஆர் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் போங்கள், உள்ளேயே மாற வழி இருக்கும். ஆனால் அது கம்பெனிக்குத் தேவைப்படும்போதுதான், உங்களுக்குத் தேவைப்படும்போது இல்லை. இரண்டாவது, சென்னையோ பெங்களூரோ பேஸ் தரும் ஏ320. தனி ரீஜனல் கம்பெனி என்றால் வீட்டில் கடன் அழுத்தம் இல்லாதவர் மட்டும். வைட்பாடியை முப்பதுக்கு மேல் யோசித்தால் போதும்.

கையெழுத்துப் போடும் முன் பாண்ட் (இத்தனை வருடம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். டைப் ரேட்டிங் செலவை யார் ஏற்கிறார்கள், எத்தனை வருடம் கட்டுப்பட்டிருக்க வேண்டும், கம்பெனியே உங்களை வேறு விமானத்துக்கு மாற்றினால் புதிதாக ஒரு பாண்ட் தொடங்குமா என்று. கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். அதோடு 2017 விதிப்படி நோட்டீஸ் காலம் கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். பக்கத்து கம்பெனி இன்றைக்கு நல்ல சம்பளம் சொல்கிறது என்று ராஜினாமா கொடுத்தால், நீங்கள் வெளியே வருவதற்குள் அவர்கள் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருக்கலாம். என் பேட்ச்மேட் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. இப்போது அவர் கிரவுண்ட் கிளாஸ் (பைலட் மாணவர்களுக்கான வகுப்பறைப் பாடம்) எடுக்கிறார், மெட்டியராலஜி, அதாவது வானிலை.