பிளஸ் ஒன் நோட்டை வாங்கிப் பாருங்கள்: கிருஷ்ணகிரிப் பக்கத்து நீட் விடுதிப் பள்ளி, 5க்கு மூன்றரை

பள்ளியின் பெயர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அலைகிறவர்களுக்கு, வேறு பள்ளியைப் பார்க்கப் போனாலும் இந்தக் கணக்கு உதவும்.

முதலில் நல்லது. இங்கே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை உண்மையாகவே நடத்துகிறார்கள். ஒரு காலத்தில் நாமக்கல் தொடங்கி தர்மபுரி வரை பல விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருட்டின. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததும்தான் அது அடங்கியது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்பதால் பழைய வியாதி திரும்புமோ என்ற பயம் நியாயமானது. இங்கே இன்னும் திரும்பவில்லை. செப்டம்பர் கடைசியில் பிளஸ் ஒன் இயற்பியலில் சுழற்சி இயக்கம் ஓடுகிறது. நிலைமத் திருப்புத்திறன் கணக்குகள் தேதியோடு நோட்டில் இருக்கின்றன. வாசலில் தொங்கும் ரேங்க் பிளக்ஸைவிட இந்த நோட்டு அதிகம் சொல்லும்.

ஞாயிறு தேர்வும் பரவாயில்லை. 2021 முதல் 2024 வரை நீட்டில் 200 கேள்வி, அதில் 180க்கு விடை; நேரம் 2021இல் 180 நிமிஷம், 2022 முதல் 200. 2025இல் 180 கேள்வி, 180 நிமிஷம், சாய்ஸ் கிடையாது. வினாத்தாளை இங்கே அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். உயிரியல் 90 கேள்விக்கு 45 நிமிஷம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 70, மீதி 15 ஓஎம்ஆர் விடைத்தாளை நிரப்ப. ஒரு பாடம் முடிந்ததும் அதன் வட்டங்களை நிரப்பிவிடச் சொல்கிறார்கள். கடைசி நிமிஷத்தில் மொத்தமாக நிரப்பினால் ஒரு வரிசை தள்ளிப்போகும். அதற்குக் கீழே சரியாகப் போட்டதெல்லாம் தப்பாகி, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய 4 போய் மைனஸ் 1 விழும்.

கோளாறு மெட்டீரியலில். 2024 பாடத்திட்டத்தில் திட நிலைமை, உலோகவியல், புறப்பரப்பு வேதியியல், செரித்தல் எல்லாம் நீட்டிலிருந்து போய்விட்டன. மாநிலப் பாடநூலில் அவை இருப்பதால் பொதுத்தேர்வுக்கு நடத்தத்தான் வேண்டும். ஆனால் பள்ளி அச்சடித்துக் கொடுக்கும் நீட் கேள்வித் தொகுப்பிலும் அவை அப்படியே கிடக்கின்றன. பழைய பிளேட்டையே ஓட்டினார்கள் போலிருக்கிறது. பிள்ளைகள் இரவுப் படிப்பு நேரத்தைத் திட நிலைமைப் பாடத்து அலகுக்கூட்டுக் கணக்கில் வீணடிக்கிறார்கள். முதல் நாளே நீட் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, போன பாடங்களைப் பென்சிலால் அடித்துக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வழி மாணவர்களுக்கு இந்தப் பள்ளி போதாது. வாராந்தரத் தேர்வுத்தாளில் தமிழ் மட்டுமே இருக்கிறது, அதுவும் அவசர மொழிபெயர்ப்பு. உண்மையான நீட்டில் தமிழோடு ஆங்கிலமும் அச்சாகிறது. இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும். 2018இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றம் 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் பிளஸ் ஒன் முதல் பாடத்திலிருந்தே படித்தாக வேண்டும். இங்கே அதை ஆரம்பிப்பது பிளஸ் டூ அரையாண்டுக்குப் பிறகு.

விடுதி சுமார். சனிக்கிழமை களியும் கீரையும் நன்றாக இருக்கும், சாம்பார் தண்ணி.

பெரிய குறை அலுவலகத்தில். அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்த பிள்ளையைக் கூட்டிப்போனால் கட்டணத் தவணை, சீருடை, பெட்டிச் சாவி வரை சொல்கிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. 2020இல் வந்த அந்த ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் தனியாருக்கு மாறினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பன்னிரண்டாவதில் திரும்பி வந்தாலும் திறக்காது. அப்படிப்பட்ட பிள்ளை என்றால் டிசி வாங்கும் முன் மாவட்ட அரசு மாதிரிப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயும் விடுதி உண்டு, நீட் பயிற்சியும் உண்டு.