மெடிக்கல் த்ரில்லரும் சமூகவியல் புக்கும்: ரெண்டையும் ஒட்டுக்கா படிச்சவன் ரிவ்யூ

மொதல்லயே ஸ்டாரப் போட்டர்றனுங்க. மெடிக்கல் த்ரில்லர் 'கோமா'வுக்கு மூணரை, நம்மூர்த் தறி ஆளுங்களப் பத்தி கீர்ட் டி நீவ் எழுதுன சமூகவியல் புக்குக்கு மூணு, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா நாலரை தாராளமா குடுக்கலாம். ஏன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணு விட்ட எடத்த இன்னொண்ணு புடிச்சுக்குது. தனித்தனியா படிச்சா ரெண்டுலயும் பாதிதான் இருக்குது.

த்ரில்லருக்கு எடுத்துக்கிட்டது ராபின் குக்கோட 'கோமா'. 1977ல வந்தது, அடுத்த வருசமே படமாவும் வந்துருச்சு. உக்கடம் பழைய புக் கடைல தேடுனா இந்த ஆளோட புக்கு எப்பவும் ஒண்ணு ரெண்டு கெடக்கும், ஒட்டுன பசை காஞ்சு பக்கம் பக்கமா கையோட வரும், அத மட்டும் பாத்து வாங்குங்க. நம்ம கோயமுத்தூர் ராஜேஷ்குமார் க்ரைம் நாவல் படிச்சு வளந்தவங்களுக்கு இது ரொம்ப ஈசியா உள்ள போகும், அதே வேகம், ஆனா எழுதுனவர் நெசமாலுமே கண் டாக்டர், அதனால ஆபரேஷன் தேட்டர் ஒவ்வொண்ணும் தொட்டுப் பாத்த மாதிரி இருக்கும்.

கதை தெரியாதவங்க இந்தப் பாராவத் தாண்டிருங்க. பாஸ்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆபரேஷனுக்குன்னு நடந்து வந்தவங்க மயக்கத்துல இருந்து எந்திரிக்கறதே இல்ல, சூசன்னு ஒரு மெடிக்கல் காலேஜ் புள்ள ஏன் ஏன்னு நோண்ட ஆரம்பிக்குது. கடைசில பாத்தா ஒரே ஒரு தேட்டர்ல மட்டும் ஆக்சிஜன் லைன்ல கார்பன் மோனாக்சைடு கலந்து உடறானுங்க, மூளை செத்துரும், ஒடம்பு இருக்கும், உறுப்பு வியாபாரம். இதுல குக்கோட கெட்டிக்காரத்தனம் அந்த வாயுவப் புடிச்சதுதானுங்க. வேற எப்படி ஆக்சிஜன் கொறஞ்சாலும் ரத்தம் கருத்துரும், டாக்டர் கண்ணுல பட்ரும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல பலமா ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும், ரத்தம் செக்கச்செவேல்னே இருக்கும், கத்தி புடிச்சவருக்கு ஒண்ணும் தோணாது. இத்தனைக்கும் இன்னைக்கு வெரல்ல மாட்டற சாதா ஆக்சிமீட்டருக்குக்கூட ஆக்சிஜன் ஒட்டுன செவப்புக்கும் இந்த வாயு ஒட்டுன செவப்புக்கும் வித்தியாசம் தெரியாதுங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு நம்பர் காட்டும். அம்பது வருசம் ஆகியும் அந்த ஐடியா இன்னும் பழசாகல.

ஆனா பாதிக்கு மேல போனா என்ன ஆகுது? வாடகைக் கொலைகாரன் தொரத்தறான், அந்தப் புள்ள ஓடுது, போலீஸ்காரன் நம்பமாட்டேங்கறான், கடைசில வில்லன் உக்காந்து தன்ற திட்டத்த மொத்தமா லெக்சர் எடுக்கறாரு. இந்த வகை புக்கு முச்சூடும் இதே வியாதிதான். உறுப்பு வியாபாரம்னா ஒரு கெட்ட டாக்டர், ஒரு ரகசிய பில்டிங், அவனப் புடிச்சு ஜெயில்ல போட்டா சோலி முடிஞ்சுது. யாரு வாங்கறா, யாரு விக்கறா, விக்கறவனுக்கு வீட்ல என்ன நெலமை, அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்ல. கோமால உறுப்பக் குடுக்கறவனுக்கு மயக்கம், அதனால எழுத்தாளருக்கும் அவங்கிட்ட பேச வேண்டிய வேலை இல்ல.

நம்மூர்ல மயக்கமெல்லாம் தேவைப்படலீங்க. 2025 ஜூலைல பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஆளுங்களோட கடனக் காட்டி கிட்னிய வாங்கிட்டாங்கன்னு புகார் கெளம்பி, அரசு விசாரணை போட்டு, ஹைகோர்ட் வரைக்கும் போன விவகாரம் எல்லாருக்கும் தெரியும். காவிரிக்கு இக்கரை ஈரோடு, அக்கரை பள்ளிபாளையம், பாலத்தத் தாண்டுனா தறிச் சத்தம். அங்க எந்த வில்லனும் ரகசிய பில்டிங் கட்டல, கந்து கட்ட முடியாத ஆளு தானா நடந்து போயிருக்கறான். இத வெச்சு த்ரில்லர் எழுதுனா யாரத் தொரத்தறது?

இந்த எடத்துலதான் கீர்ட் டி நீவ் எழுதுன 'தி எவ்ரிடே பாலிடிக்ஸ் ஆஃப் லேபர்' வருது. 2005ல வந்த புக்கு, மனுசன் பவானிலயும் குமாரபாளையத்துலயும் வந்து தங்கி சாயப்பட்டறை, தறிப்பட்டறைன்னு சுத்தி எழுதிருக்கறாரு. கிட்னி பத்தின புக்கு இல்லீங்க இது, ஆனா கிட்னிய விக்கற நெலமைக்குப் போற கதவு எங்க தெறக்குதுன்னு இதப் படிச்சாத்தான் வெளங்கும். பாக்கின்னு சொல்றோமில்லீங்க, வேலைக்குச் சேரும்போதே ஓனர்கிட்ட வாங்கற முன்பணம், அதப் பத்தி விலாவாரியா இருக்குது. ஆள நிறுத்தி வெக்கறதுக்குத்தான் ஓனர் குடுக்கறாரு, ஆனா ஆளு வேற பட்டறைக்குத் தாவுறான், புது ஓனர் பழைய பாக்கியக் கட்டி இழுத்துக்கறாரு, பாக்கி தீரவே தீராது, பேரு மட்டும் மாறும். குடுத்த பணம் திரும்ப வராம ஓனரும் மாட்டிக்கிட்டு முழிக்கறாருன்னு சொல்றாரு.

குமாரபாளையத்துல தறி ஓட்டற அண்ணன் ஒருத்தர்கிட்ட இதச் சொன்னேன். "ஏங்கண்ணு, இதச் சொல்றதுக்கு ஒரு வெள்ளக்காரன் வரோணுமாக்கு? ஒரு டீ வாங்கிக் குடுத்திருந்தா நானே சொல்லிருப்பனே"ன்னாரு. ஓனரும் மாட்டிக்கறாருங்கற எடம் வந்ததும் கடுப்பாயிட்டாரு. "மாட்டுனவன் எதுக்குங் கண்ணு வருசா வருசம் புதுத் தறி எறக்கறான்? எழுதுன ஆளு மத்தியானச் சோத்த எந்த வீட்ல தின்னாருன்னு கேளு." ஆராய்ச்சி பண்றவங்க எல்லாருகிட்டயும் கேக்க வேண்டிய கேள்விதானுங்க இது.

குறைன்னு பாத்தா சமூகவியல் புக்கோட பெரிய குறை எழுத்துதான். ஊருக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி தியரின்னு ஒரு செக்போஸ்ட், இன்னார் இப்படிச் சொன்னாரு, அன்னார் அத மறுத்தாருன்னு போய்க்கிட்டே இருக்கும், நமக்கு அந்த இன்னாரும் தெரியாது அன்னாரும் தெரியாது. விலையும் யூனிவர்சிட்டி லைப்ரரிக்காரன் வாங்கற விலை, எவனப் பத்தி எழுதுனாங்களோ அவன் வாங்கற மாதிரி இல்ல. 1972ல வந்த பிரெண்டா பெக்கோட 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்த வெச்சு எழுதுனது, வலங்கை இடங்கைன்னு சாதிகள ரெண்டு அணியாப் பிரிச்ச நம்ம தாத்தன் காலத்து ஏற்பாட்ட அவ்வளவு நுணுக்கமா வரைஞ்சிருக்கறாங்க, ஆனா அட்டவணையப் பாத்தாலே தூக்கம் வந்துரும். ஷரத் சாரியோட 'ஃப்ரடர்னல் கேப்பிட்டல்' பரவால்ல, திருப்பூர் பனியன் கம்பெனி மொதலாளிங்க "ஒழைச்சு வந்தோம்"னு சொல்றத அப்படியே எடுத்துக்காம தோண்டிப் பாக்கறாரு, அதுக்காகவே படிக்கலாம்.

ஆனா ஒரு விசயத்துல த்ரில்லர்காரங்களால ஆராய்ச்சிக்காரங்க கிட்டயே வர முடியாதுங்க. 2002ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட ஜாமா பத்திரிகைல சென்னைல கிட்னி வித்த 305 பேரப் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. 96 சதவீதம் பேரு வித்தது கடனடைக்க. வித்ததுக்கப்பறம் குடும்ப வருமானம் மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்குது, முக்காவாசிப் பேருக்கு கடன் அப்பவும் தீரல. வித்தவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க. கொலைகாரன் தொரத்தற நூறு பக்கத்துல எனக்கு வராத வெசனம் இந்த நாலு வரில வந்துருச்சு. இத்தனைக்கும் இது 1994 சட்டம் வந்து, உறுப்ப விக்கறது குத்தம்னு ஆனதுக்கப்பறம் எடுத்த கணக்கு. அந்தச் சட்டப்படி நெருங்குன சொந்தம் இல்லாதவங்க குடுக்கறதுன்னா பாசத்துல குடுக்கறேன்னு கமிட்டி முன்னாடி சொல்லோணும். ரேசன் கார்டு, போட்டோ, கையெழுத்து, முன்னப்பின்ன பாக்காத ஒருத்தர "அண்ணன் மாதிரிங்க"ன்னு ஒரு பொம்பள சொல்ற அந்த சீன எந்த மெடிக்கல் த்ரில்லர்லயும் நான் படிச்சதில்ல. சமூகவியல்காரங்க எழுதுனா அதையும் "உறவுமுறைக் கட்டமைப்பு"ன்னு ஆக்கிப்புடுவாங்க, அது வேற கெரகம்.

வாங்கறவங்களுக்கு: டி நீவ் புக்கு லைப்ரரில கெடைச்சா தியரியத் தாண்டி நேரா தறிப்பட்டறை சாப்டருக்குப் போயிருங்க, முன்னுரைய வேணும்னா கடைசில படிச்சுக்கலாம். கோமாவ ராத்திரி பஸ்ல படிக்கலாம், நல்லா ஓடும். ஆனா வீட்ல யாருக்காச்சும் மூட்டு ஆபரேஷன், கர்ப்பப்பை ஆபரேஷன்னு தேதி குறிச்சிருந்தா டிஸ்சார்ஜ் ஆகி வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க, மயக்க ஊசி டாக்டர்கிட்ட போயி எந்த நம்பர் தேட்டர்னு கேட்டுட்டு நிப்பீங்க.