சியெனாவில் எங்கே தங்குவது: மதிலுக்குள்ளா, வாசலுக்கு வெளியிலா, வயல்காட்டிலா?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருக்கும் சியெனாவை ஃப்ளாரன்ஸிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். விரைவுப் பேருந்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், ரயிலில் ஒன்றரை மணி நேரம். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அப்படித்தான் செய்கிறார்கள். காலையில் வந்து காம்போ சதுக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பேராலயத்தைப் பார்த்து, மதியச் சாப்பாட்டை முடித்து, சாயங்காலம் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஊர்க்காரர்கள் தெருவுக்கு வருகிறார்கள். வேலை முடிந்தவர்களும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்களும் பான்கி தி சோப்ரா தெருவில் மேலும் கீழுமாக நடப்பார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் காம்போவின் சரிவான செங்கல் தரையில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். 1240இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இன்றும் அந்த ஊரை இளமையாக வைத்திருப்பது அதுதான்.

ஆக, சியெனாவில் இரவு தங்குவதே அந்த மாலைக்கும் மறுநாள் விடியற்காலைக்கும்தான் என்பது என் கருத்து. அதனால் தங்கும் இடத்தை எடைபோட நான் வைத்திருக்கும் முதல் கேள்வி வாடகை பற்றியது அல்ல. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் அறைக்கு எப்படிப் போய்ச் சேருவீர்கள்? இதற்கு நல்ல பதில் இல்லாத விடுதி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஊரின் அமைப்பைப் பார்த்தால் புரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் மூன்று மலைமுகடுகள் ஒன்றுசேரும் இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அவை கூடும் பள்ளத்தில் காம்போ. முகடுகளுக்கு நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள் உண்டு. ஊரைச் சுற்றி வாசல்களோடு கூடிய பழைய மதில் இருக்கிறது, அதற்குள்ளேயே சில இடங்களில் இன்னமும் தோட்டங்கள் இருக்கின்றன. முகட்டின் மேலேயே போகும் தெரு என்றால் அலுப்பில்லாமல் நடக்கலாம். ஒரு முகட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வேண்டும் என்றால் இறங்கி ஏற வேண்டும். முன்பதிவுத் தளம் 'மையத்திலிருந்து 700 மீட்டர்' என்று போடும்போது அது எந்த 700 மீட்டர் என்று சொல்வதில்லை.

மதிலுக்குள்

நடுராத்திரியில்கூட அறைக்கு நடந்தே போய்விடலாம். விடியற்காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினால் காம்போ வெறிச்சோடிக் கிடக்கும். ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து விசிறிபோல விரியும் அந்தத் தரை, ஊரை ஆண்ட ஒன்பது பேர் கொண்ட அவையின் நினைவாகப் போடப்பட்டது. அதை ஆளில்லாமல் பார்க்கும் வாய்ப்பு உள்ளே தங்கியவர்களுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். அந்த வசதிக்கு விலை உண்டு. வாடகையும் கூட, அறையும் சிறிது. பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. பழைய வீடுகளில் நினைத்தபடி எதையும் இடித்துக் கட்ட முடியாது. மூன்றாம் மாடி என்றால் பெட்டியோடு மூன்று மாடியும் ஏற வேண்டியதுதான். தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் கல்லும் செங்கல்லும், அதனால் கீழே நான்கு மாணவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனால் மேலே உங்கள் தலையணைக்கே கேட்கும்.

காரோடு வருகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பழைய நகரம் முழுக்க அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான பகுதி. நுழைவாயில்களில் கேமரா இருக்கும். தடுப்புக் கம்பியோ காவலரோ இல்லாததால் தாண்டியதே தெரியாது. பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். அதற்கு முன்பே வாடகைக் கார் நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கென்று ஒரு கட்டணத்தைக் கார்டிலிருந்து எடுத்திருக்கும். உள்ளே இருக்கும் விடுதிகள் வண்டி எண்ணைப் பதிந்து, பெட்டி இறக்க அனுமதி வாங்கித் தருவதுண்டு. ஆனால் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை இறக்கிய பிறகு காரை வெளியே கட்டண நிறுத்தத்தில்தான் விட வேண்டும்.

வாசலுக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில்

என் ஓட்டு இதற்குத்தான். இங்கே இருப்பவை இருபதாம் நூற்றாண்டு அடுக்குமாடி வீடுகளும் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளும். ஒரு குடும்பம் தன் வீட்டின் சில அறைகளை வாடகைக்கு விடும். இத்தாலியில் அஃபித்தாகாமெரே என்ற வகை இது, பெரும்பாலும் ஆறு அறைக்குள் அடங்கும். வரவேற்பு மேசையோ பெட்டி தூக்க ஆளோ இருக்காது. வீட்டுக்காரரே வந்து சாவியைக் கொடுத்து, காபி இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், ரயில் தாமதமானால் அதையும் சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் பதிவு செய்வது சட்டப்படி அவர்கள் கடமை. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி தங்கல் வரி ஒன்று உண்டு. முன்பதிவுத் தொகையில் அது அநேகமாகச் சேர்ந்திருக்காது, சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். 2025 முதல் இப்படிப்பட்ட இடங்கள் எல்லாம் தேசிய அடையாள எண் ஒன்றை விளம்பரத்திலும் வாசலிலும் காட்ட வேண்டும். அந்த எண் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

காலை உணவை நம்பி யாரும் இங்கே தங்கக் கூடாது. உறையிட்ட பிஸ்கட்டும் ரஸ்க்கும் ஜாம் டப்பாவும்தான் பெரும்பாலும் இருக்கும். எனக்கு அது குறையாகவே தெரிவதில்லை. தெருமுனை பாரில் (இத்தாலியில் பார் என்றால் காபிக் கடை) மேடையருகே நின்றபடி ஒரு கப்புச்சீனோவும் கொர்னெத்தோ என்ற பிறை வடிவ இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டால் போதும். உட்கார்ந்தால் ஆகும் செலவைவிடக் குறைவு, பக்கத்தில் நிற்பவர் வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரராக இருப்பார். அறையில் சின்னக் குளிர்பெட்டி இருந்தால் சைவக்காரர்களுக்கு நிம்மதி. மதிலுக்கு வெளியே இருக்கும் பெரிய கடைகளில் தயிர், தக்காளி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, அது மட்டும் முதலில் ஏமாற்றும். உணவகத்தில் பீச்சி என்ற கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவைப் பூண்டும் தக்காளியும் சேர்த்த சாஸோடு கேளுங்கள். மாவும் தண்ணீரும்தான் அதன் அடிப்படை என்றாலும் முட்டை சேர்க்காதவர்கள் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

சரி, எந்த வாசல்? இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் 'மதிலுக்கு வெளியே' என்பதை ஒரே இடமாக நினைத்துவிடுகிறார்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு வடக்கே இருக்கும் போர்த்தா கமோல்லியா வாசல்தான் சிறந்தது (போர்த்தா என்றால் வாசல்). ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் நுழைந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படிக்கட்டுகள் உங்களை அந்த வாசலுக்கு அருகே கொண்டுபோய் விடும். அங்கிருந்து காம்போவுக்கு இருபது நிமிட நடை. வழி முழுக்க முகட்டின் மேலேயே போவதால் பெரிய ஏற்றம் இல்லை. 1604இல் புதுப்பித்த அந்த வாசலின் நெற்றியில், இந்த வாசலைவிட அகலமாகத் தன் இதயத்தைச் சியெனா உனக்குத் திறக்கிறது என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். ஃப்ளாரன்ஸ் 1555இல் இந்த ஊரைப் பணிய வைத்த கதையை அறிந்தவர்களுக்கு, ஃப்ளாரன்ஸிலிருந்து வரும் சாலையைப் பார்த்த வாசலில் அந்த வரி இருப்பது சும்மா கடந்துபோகிற விஷயமாக இருக்காது.

தெற்கே போர்த்தா ரோமானா. ரோமுக்கு யாத்திரை போனவர்கள் நடந்த ஃப்ரான்சிஜேனா பாதை இந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. காம்போவுக்குக் கால் மணி நேரம், கடைசியில் ஓரளவு ஏற்ற இறக்கம். சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் குறைவு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சேர்வி தேவாலயப் படிகளில் நின்றால் பேராலயமும் நகர மாளிகையின் மாஞ்சா கோபுரமும் எதிரே தெரியும். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பக்கம்தான்.

போர்த்தா ஓவிலே, ஃபோன்தேபிராண்டா என்ற இரண்டு வாசல்களும் வரைபடத்தில் இவற்றைவிடப் பக்கமாகத் தெரியும். இரண்டுமே பள்ளத்தில் இருக்கின்றன. ஃபோன்தேபிராண்டாவிலிருந்து பேராலயத்துக்கு அருகே ஏறிப் போக நகரும் படிக்கட்டு இருக்கிறது. அது இரவில் எத்தனை மணி வரை ஓடும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஓவிலேயில் செங்குத்தான ஏற்றம்தான். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

காரோடு வருகிறவர்களுக்கு வெளியே தங்குவதில் இருக்கும் பெரிய லாபம் வண்டி நிறுத்தம். தரையில் வெள்ளைக் கோடு என்றால் இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் நமக்கானது அல்ல. வீட்டுக்கே சொந்த இடம் இருந்தால் அதைவிட நல்லது. காரை அங்கே விட்டுவிட்டு இரண்டு நாளும் நடந்தே சுற்றலாம்.

'சியெனா' என்ற முகவரி, ஆனால் ஏழெட்டு கிலோமீட்டர்

இந்த வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை ஓரத்திலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் இருக்கும் விடுதிகள் மலிவு, அறை பெரிது, நிறுத்தம் இலவசம். பகலில் பேருந்தும் உண்டு. இரவில் அது குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டே சாப்பிடுவதைவிட ஃப்ளாரன்ஸிலேயே தங்கி ஒருநாள் வந்து போவது மேல். டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தைக் கூட்டினால் வாசலருகே அறை எடுத்திருக்கலாம்.

வயல்காட்டில்

பண்ணை விடுதி, அதாவது அக்ரிதூரிஸ்மோ, இவற்றோடு நேரடியாகப் போட்டி போடுகிற இடம் அல்ல. அது வேறொரு பயணம். காம்போவின் அடிவாரத்தில் நிற்கும் பழைய நகர மாளிகைக்குள் அம்ப்ரோஜோ லோரென்செத்தி 1338-39இல் வரைந்த நல்லாட்சி ஓவியத்தைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். நடுவே ஒரு மதில். அதற்கு இடப்பக்கம் கடை, பள்ளி, நடனம், கட்டட வேலை என்று நகரம். வலப்பக்கம் உழவு, அறுவடை, திராட்சைத் தோட்டம், சந்தைக்குப் பன்றி ஓட்டி வரும் ஆள் என்று நாட்டுப்புறம். வாசலுக்கு மேலே பறக்கும் பெண்ணுருவம் பாதுகாப்பைக் குறிக்கிறது. யாரும் பயமில்லாமல் நடமாடலாம் என்ற வாசகம் அவள் கையில் இருக்கிறது. ஓவியன் இரண்டு பாதிக்கும் ஒரே சுவரைத்தான் கொடுத்தான். நான்கைந்து நாள் கையில் இருந்தால் நாமும் அப்படியே செய்யலாம்: இரண்டு இரவு வாசலருகே, மீதி நாட்டுப்புறத்தில்.

பண்ணை விடுதி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே விவசாயம்தான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டு மேசைக்கு வரும் எண்ணெயும் வைனும் அந்த நிலத்தினுடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வடக்கே கியாந்தி என்றால் காடும் திராட்சையும். தென்கிழக்கே கிரேத்தே செனேசி என்றால் களிமண் குன்றுகள்: ஏப்ரல், மே மாதங்களில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆகஸ்டில் அறுவடை முடிந்து மொட்டைப் பழுப்பு. படங்களில் பார்த்த பச்சையை நம்பி ஆகஸ்டில் போகிறவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு அந்தப் பழுப்பும் பிடிக்கும்.

கார் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, ஊரிலிருந்தே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போக வேண்டும். பண்ணைக்குப் போகும் கடைசித் தூரம் பெரும்பாலும் தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலை. விளக்கு இருக்காது, மான், காட்டுப்பன்றி குறுக்கே வரும். சியெனாவில் இரவுச் சாப்பாட்டோடு வைன் குடித்துவிட்டு அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆகவே பண்ணையில் தங்குகிறவர் நடைமுறையில் சியெனாவைப் பகலில் மட்டும் பார்க்கிறார். மாலை அங்கே குன்றுகளுக்கு நடுவே கழியும். அதுவும் அருமையான மாலைதான், ஆனால் சியெனாவின் மாலை அல்ல.

யாருக்கு எது

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் பணத்தைப் பார்க்காமல் மதிலுக்குள், லிஃப்ட் உள்ள கட்டடமாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கமோல்லியா பக்கம், தரைத்தளம். தனியாகப் பயணம் செய்யும் பெண்களும் இரவு சீக்கிரம் படுப்பவர்களும் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிகளையும் பார்க்கலாம். சுத்தமாக இருக்கும், வாடகையும் நியாயம், ஆனால் பல இடங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், முன்பு சொன்ன பத்து மணிக் கேள்வியை அங்கேயும் கேளுங்கள். மற்றவர்கள் எல்லாருக்கும், முக்கியமாக இரண்டு இரவு தங்கிச் செலவைக் கட்டுக்குள் வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு, கமோல்லியாவுக்கோ ரோமானாவுக்கோ வெளியே இருக்கும் சின்ன விடுதிதான் என் தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் போவதானால் குளிர்சாதனம் உண்டா என்று மட்டும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பாலியோ நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களும் குதிரைப் பந்தயம். பதினேழு பேட்டைகளில் பத்துப் பேட்டையின் குதிரைகள் காம்போவை மூன்று சுற்று வரும். ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒத்திகைகள் ஜூன் 29, ஆகஸ்ட் 13 தேதிகளிலேயே தொடங்கிவிடும், பந்தயத்துக்கு முந்தின இரவு ஒவ்வொரு பேட்டையும் தெருவில் நீள மேசை போட்டு விருந்து நடத்தும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தூக்கத்தை மறந்துவிட்டு உள்ளேயே அறை எடுங்கள், அதுவும் பல மாதங்களுக்கு முன்பே. பாலியோ உங்களுக்கு முக்கியமில்லை என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுச் செப்டம்பரில் போங்கள். ஆண்டின் பெரும்பகுதி மூடியே கிடக்கும் பேராலயத்தின் சலவைக்கல் சித்திரத் தரையும் வழக்கமாக அப்போது திறந்திருக்கும்.