வேர்க்குழாய் நீளம்: எக்ஸ்-ரேயா, அபெக்ஸ் லொகேட்டரா?

ரூட் கேனல் செய்யும்போது, வேர்க்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசியான ஃபைல் முன்கூட்டியே நின்றுவிட்டால் அடியில் கிருமி தங்கிவிடும். குழாய் வேரின் அடியில் திறக்கும் துளையைத் தாண்டிப் போனால் மருந்தும் அழுக்கும் எலும்புக்குள் தள்ளப்பட்டு, நோயாளி நாலு நாள் வலியோடு கிடப்பார். அதனால் நீளம் அளப்பதில் கறாராக இருந்தே ஆகவேண்டும்.

முதலில் எக்ஸ்-ரே. எத்தனை வேர், எந்தப் பக்கம் வளைவு என்பதை இதுதான் சொல்லும், எந்தக் கருவியாலும் அது ஆகாது. ஆனால் துளை எங்கே என்று கேட்டால் தடுமாறும். வேர் நுனியும் துளையும் ஒரே புள்ளியில் இருப்பது குறைவு; துளை கன்னத்தை நோக்கியோ உள்பக்கமாகவோ திறந்தால் தட்டையான படத்தில் தெரியாது. மேல்கடைவாய்ப் பல் என்றால் கன்ன எலும்பின் நிழல் வேறு வந்து விழும்.

அடுத்து அபெக்ஸ் லொகேட்டர், அதாவது துளை இருக்கும் இடத்தை மின்சாரத்தால் கண்டுபிடிக்கும் கருவி. இவற்றில் மூத்தது மின்தடையை நம்பியது. ஜப்பானின் சுனாதா 1962-இல், வாய்ச்சவ்வுக்கும் வேர் நுனியைத் தொடும் ஃபைலுக்கும் இடையே ஏறக்குறைய 6.5 கிலோஓம் என்ற மாறாத அளவு இருப்பதைப் பயன்படுத்தினார். யோசனை அருமை, நடைமுறையில் தொல்லை. குழாயில் ரத்தமோ, அதைக் கழுவும் ஹைப்போகுளோரைட் திரவமோ இருந்தால் நுனிக்கு வெகு முன்பே ‘வந்துவிட்டது’ என்று சொல்லிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது மொரிட்டா நிறுவனத்தின் ரூட் இசட்எக்ஸ் என்ற லொகேட்டர். 0.4, 8 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு வரும் மொத்தத் தடையை) அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்க்கிறது. திரவம் மாறினால் இரண்டு அளவுமே சேர்ந்து மாறும்; விகிதம் பெரிதாக அசையாது. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உயிருள்ள 26 பற்களில் 25-இல் துளையைக் கூடக்குறைய 0.5 மி.மீ.க்குள் காட்டியது. என்னை யோசிக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு விவரம்: துல்லியமாக நின்றவை 17 மட்டுமே, 8 கொஞ்சம் தாண்டியிருந்தன, ஒன்றுதான் குறைந்தது. தவறினால் பெரும்பாலும் வெளியே போகிறது என்று அர்த்தம். ‘அபெக்ஸ்’ கோடு தெரிந்ததும் அரை மில்லிமீட்டர் பின்வாங்குவது இதனால்தான். திரையில் தெரியும் 1, 2, 3 எல்லாம் மில்லிமீட்டர் அல்ல; அவற்றை வைத்துக் கணக்குப் போடும் ஜூனியர்களைப் பார்த்தால் பதறுகிறது.

அடுத்து வந்த புரோபெக்ஸ் பிக்ஸி, சீனாவின் வுட்பெக்ஸ் போன்றவை பல அதிர்வெண், புதிய தலைமுறை என்று விளம்பரப்படுத்துகின்றன. பிடுங்கிய பற்களில் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சொல்வது, 0.5 மி.மீ. வரம்புக்குள் இவற்றுக்கும் ரூட் இசட்எக்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே. தலைமுறை எண் விற்பனைக்காரருக்குத்தான் உதவும்.

அளவைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு விஷயங்கள். ஃபைல் பழைய அமால்கத்தையோ (உலோக அடைப்பையோ) உலோகக் கிரவுனின் (பல்லுக்கு மேல் போட்ட உறையின்) ஓரத்தையோ உரசினால் திரையில் கோடு சட்டென்று அடிவரை பாயும். பஞ்சால் குழாய்க்கு மேலே பல்லுக்குள் இருக்கும் அறையை ஒற்றியெடுத்து, குழாய்க்குள் மட்டும் ஈரம் விட்டு, குழாயில் இறுக்கமாக உட்காரும் ஃபைலைப் போட்டால் அதே கருவி ஒழுங்காகப் பேசும். நுனி மூடாத சிறுவர் பல்லில் மட்டும் எந்த லொகேட்டரையும் தனியாக நம்பாதீர்கள், எக்ஸ்-ரே கட்டாயம்.

ரூட் இசட்எக்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை மாற்ற அவசரப்பட வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர் கையைக் கடிக்காத விலைக்கு வுட்பெக்ஸே வாங்கலாம். உதட்டில் மாட்டும் லிப் கிளிப்பும் வயரும் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் போவது அவைதான்.