அழுங்குக்கு லைனோ, கரடிக்குப் பலகை: செதுக்கு அச்சில் எதற்கு எது?

அழுங்கை, அதாவது எறும்புண்ணியை, செதுக்கி அச்சிடப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், லைனோவை எடுங்கள். கரடி என்றால் மரப்பலகை. பத்துப் பிள்ளைகளை இருத்தி வைத்துத் தவளை செய்விப்பதென்றால் ரப்பர். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். 'ஏன்' என்ற கேள்வி உடனே வரும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மூன்றிலும் வேலை ஒன்றுதான். வெள்ளையாக வரவேண்டிய இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, மிஞ்சி நிற்கும் மேட்டில் ரோலரால் மை உருட்டி, கடதாசியை மேலே வைத்துத் தேய்க்கிறோம். உளியை அந்தப் பொருள் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

லைனோ ஓவியர்களுக்கென்று வந்த பொருளல்ல. தரையில் விரிப்பதற்காக, இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் 1863இல் காப்புரிமை பெற்ற சங்கதி. ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்துத் தடிப்பாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் சேர்த்து, சணல் துணியில் அழுத்தி எடுப்பார்கள். மரத்தைப் போல இதற்கு நாரோட்டம் கிடையாது. எந்தப் பக்கம் வளைத்தாலும் உளி ஒரே மாதிரிப் போகும். அழுங்கின் முதுகுச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வளைந்து இறங்குவதைப் பார்த்தவருக்கு இதன் அருமை புரியும். ஒவ்வொரு செதிலும் ஒரு அரைவட்டம். பலகையில் அதை வெட்டினால் பாதி வளைவு வழுக்கிப் போகும், மறுபாதி சிம்பு சிம்பாகக் கிழியும்.

நட்சத்திர ஆமையும் லைனோவுக்கென்றே பிறந்தது போலத்தான். கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்து போகும். வி வடிவ உளியை ஓரத்தில் ஆழமாக இறக்கி, நடுவுக்கு வரவர மெல்ல உயர்த்தினால் கோடு தானாகவே ஒடுங்கிவரும். இளமஞ்சள் கடதாசியில் கறுப்பு மை மட்டும் போதும், ஆமை வந்துவிடும்.

லைனோவில் குறை ஒன்று உண்டு. உள்ளேயிருக்கும் எண்ணெய் தொடர்ந்து காய்ந்துகொண்டே இருப்பதால், வருடக்கணக்கில் கிடந்த துண்டு இறுகி நொறுங்கத் தொடங்கும். புதுத் துண்டும் குளிரில் விறைத்து நிற்கும் என்பதால், குளிர்நாட்டுக்காரர் அயன்பெட்டியால் சூடுகாட்டி வெட்டுகிறார்கள். வட இலங்கையில், எங்கள் வன்னியில் அந்தத் தொல்லை இல்லை. முற்றத்துச் சீமெந்தில் ஐந்து நிமிடம் வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். எடுக்க மறந்துவிட்டுச் சமைக்கப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

ரப்பர்த் துண்டை அந்த வெய்யிலுக்கும் கொண்டுபோகத் தேவையில்லை. பென்சில் அழிக்கும் ரப்பரைப் போன்றது. கை பலம் போடத் தேவையில்லாததால் உளி சறுக்கி விரலில் ஏறும் ஆபத்தும் குறைவு (எந்தப் பொருளானாலும் மற்றக் கையை உளிக்கு முன்னால் வைக்கக் கூடாது). தவளை, வண்ணத்துப்பூச்சி, தாமரை இலை எல்லாம் இதில் அழகாக வரும். மெல்லிய கோடு என்றால்தான் சிக்கல். தேய்க்கும்போது ரப்பர் நசிந்து கோடு பருத்துவிடுகிறது. கொக்கின் கால் வாத்தின் கால் ஆகிவிடும்.

மரப்பலகையைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான். வன்னி என்றதும் முதிரை மரமும் பாலை மரமும் நினைவுக்கு வரும். இரண்டுமே கல் மாதிரி. கையுளியோடு அவற்றிடம் போனால் உளிதான் மழுங்கும். சாதாரண பெட்டிப் பலகை போதும். கம்பித் தூரிகையால் நாரோட்டத்தோடு உரசினால் மென்மையான பகுதி தேய்ந்து ரேகை மேலெழும், மை பூசினால் அந்த ரேகையே படமாக வரும். கரடியின் சடைமயிர் அதுதான். லைனோவில் ஒவ்வொரு மயிராக நான் வெட்டிய கரடி, தலைவாரிக் கொண்டை போட்ட கரடியாக வந்தது! பலகையில் பெரிய கறுப்பு உருவமும் நெஞ்சில் வெள்ளை வளைவும் போதும், பாலைப்பழத்துக்கு மரமேறும் ஆள் அப்படியே நிற்பார்.

மையில் எனக்குக் குழப்பமே இல்லை. தண்ணீர் மை, நீர் ஆவியாவதால் காய்வது. சோளகக் காற்று அடிக்கும் நாளில், கடதாசியை எடுக்கத் திரும்பும் நேரத்துக்குள் அது பலகையிலேயே ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மை காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து மெதுவாக இறுகுவது. லைனோவுக்குள் இருக்கும் அதே ஆளிவிதை எண்ணெயின் குணம். ஆறுதலாக வேலை செய்யலாம். மாரியில் மட்டும் அச்சுகள் கொடியில் நாட்கணக்கில் தொங்கும். வேலை முடிந்து மையைத் துடைக்க மண்ணெண்ணெய் மணம் ஆகாதென்றால் தேங்காயெண்ணெயால் துடையுங்கள், அல்லது சவர்க்காரத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மையை வாங்குங்கள். அச்சியந்திரமும் கட்டாயமில்லை. மெல்லிய கடதாசிக்குச் சிரட்டை அகப்பையின் முதுகே போதும்.

நிறத்துக்கும் இரண்டு வழி உண்டு. நிறத்துக்கு ஒரு துண்டு வெட்டலாம். அல்லது பிக்காசோ பிற்காலத்தில் செய்ததுபோல ஒரே துண்டை வெட்டி அச்சிட்டு, மேலும் வெட்டி அடுத்த நிறத்தை அதன்மேல் அச்சிடலாம். எங்கள் காட்டுக்கோழிக்கு இந்த இரண்டாவது வழிதான். அதன் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். அந்த மஞ்சள் இல்லாவிட்டால் வளவுக்குள் நிற்கும் ஊர்ச் சேவல்தான். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. எத்தனை பிரதி வேண்டும் என்பதை முதலே முடிவு செய்துவிடுங்கள். முடிவில் மஞ்சளுக்கு வெட்டிய துண்டு உலகத்தில் எங்கும் இருக்காது.

படம் இடம்வலம் மாறி விழும் என்பதையும் மறக்க வேண்டாம். பறவைக்கு அது பிரச்சினையில்லை. இரணைமடுக் குளக்கட்டைப் பின்னணியில் திருப்பாமல் வரைந்தீர்களானால், அங்குள்ள கனகாம்பிகை அம்மன் கோயிலை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன எனக்கு இன்னும் அகப்படாதது தேவாங்கு. லைனோவில் அந்த உருண்டைக் கண் ஒளியோடு வந்தது, மென்மயிர் முள்ளாகக் குத்துகிறது. ரப்பரில் மயிர் பஞ்சாக வந்தது, விரல்கள் பருத்துவிட்டன. பலகையில் அது கரடிக்குட்டி. இப்போது கண்ணை லைனோவிலும் உடலை ரப்பரிலும் வெட்டி ஒரே கடதாசியில் சேர்க்கப் பார்க்கிறேன். இரண்டின் தடிப்பும் ஒன்றாக இல்லாததால், கண்ணுக்கு அடியில் மட்டை வைத்து உயர்த்திக்கொண்டிருக்கிறேன்.