பெட்ரோல் பங்க்கில் ஆவி காட்டி ஹெட்லைட் பாலிஷ் செய்கிறார்களா? கொடுத்துவிடாதீர்கள்

போன சித்திரையில் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தோம். விராலிமலைக்கு முன்னால் ஒரு பங்க்கில் டீசல் போட்டுவிட்டு நகரும்போது ஒரு தம்பி ஓடிவந்தான். "அண்ணே, ஹெட்லைட் பூரா மஞ்சளாப் போச்சே, ராத்திரி எப்படி ஓட்டுறீங்க? பத்தே நிமிஷம், புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்" என்றான். என் கார் 2013 மாடல். வெளிச்சம் போதாமல் பாதி நேரம் ஹை பீமிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் நின்றேன். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 1,200 ரூபாய், இரண்டு வருஷம் கேரண்டி என்றார்கள். கூட இருந்த அப்பாவும், "பண்ணிருப்பா, ராத்திரி ஓட்டுற வண்டி" என்றார்.

வாட்டர் பேப்பரால், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால், நாலு தேய் தேய்த்தார்கள். அப்புறம் கரண்டில் சூடாகும் சின்னக் கோப்பை ஒன்றை எடுத்தார்கள். அதற்குள் ஏதோ திரவம். கோப்பையின் மூக்கு வழியே வந்த ஆவியை விளக்கின்மேல் காட்டக் காட்ட, பால் மாதிரி இருந்த பிளாஸ்டிக் கண் முன்னாலேயே பளிங்காக மாறியது. அப்பா அசந்துபோனார், நானும்தான். நெடி தலையைச் சுற்றவைத்தது. அந்தத் தம்பி முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் குனிந்து நின்று அதைச் செய்துகொண்டிருந்தான். அவனை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

ஆடி பிறப்பதற்குள் மஞ்சள் திரும்பிவிட்டது. அதைவிட மோசம், உள்ளே முடி முடியாக வெடிப்பு, வறண்ட கண்மாய்த் தரை மாதிரி. மேலூர் பக்கம் ஒரு ராத்திரி, சாலையோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேரண்டிச் சீட்டில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பங்க்கில் போய்க் கேட்டால், "அவங்க இடம் கேட்டு மேஜை போட்டாங்க சார், எங்க ஆளுங்க இல்ல" என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் கார் பெயிண்டிங் செய்யும் அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைப் புரியவைத்தார். அம்பாசிடர் காலத்து விளக்குக்கு முன்னால் இருந்தது கண்ணாடி. இப்போது இருப்பது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை அரித்துவிடும் என்பதால் கம்பெனியிலேயே மேலே ஒரு காப்புப் பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அது தேய்ந்த பிறகுதான் மஞ்சள் பிடிக்கிறது. கோப்பையில் ஊற்றுவது பெரும்பாலும் குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் மாதிரிக் கரைப்பான். அந்த ஆவி பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாக உருக்கி வழவழப்பாக்கும். அந்த நிமிஷத்துக்குப் பளபளக்கும். ஆனால் மிச்சமிருந்த பூச்சும் போய், வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நிற்கும். கரைப்பான் பட்ட பாலிகார்பனேட் வெடிக்கவும் செய்யும். டூத்பேஸ்ட், கொசு விரட்டும் ஸ்ப்ரே என்று வீடியோக்களில் காட்டுவதும் கொஞ்ச நாள் பளபளப்புதான். பூச்சு திரும்ப வருவதில்லை.

அதனால் யாராவது பாலிஷ் செய்கிறேன் என்று வந்தால், தேய்த்து முடித்ததும் மேலே என்ன அடிப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். கண் முன்னால் பளபளத்ததை நம்பவே கூடாது. மங்கின விளக்கில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த நேரத்துக்குத் தெளிவாகத்தான் தெரியும். சொல்லப்போனால் அதுவே ஒரு நல்ல சோதனை. ஈரத்தில் தெளிந்தால் பழுது வெளிப்பக்கம், மேலோட்டமானது, வீட்டிலேயே சரிசெய்யலாம். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் பழுது உள்பக்கமாகவோ ஆழமாகவோ இருக்கும், தேய்த்துப் பிரயோஜனமில்லை.

அந்த அண்ணன் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். சுற்றிலும் பெயிண்டில் படாமல் மாஸ்கிங் டேப். சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே 800, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வரிசையாக. ஒரு நம்பரைக் குறுக்கே தேய்த்தால் அடுத்ததை நெடுக்கே. முந்தின கீறல் முழுசாகப் போகாமல் அடுத்த நம்பருக்குத் தாவக் கூடாது, நான் அவசரப்பட்டு ஒரு பக்கம் இரண்டாம் முறை தேய்க்க வேண்டிவந்தது. பிறகு பாலிஷ் போடுகிற பசையான ரப்பிங் காம்பவுண்ட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, கெட்டியாக்கும் ஹார்ட்னர் கலந்த, புற ஊதாவைத் தாங்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டை மெல்லிசாக இரண்டு முறை அடித்தோம். அதைத் திறந்த வெளியில், சரியான மாஸ்க் போட்டுத்தான் அடிக்க வேண்டும். துணி கட்டினால் போதாது, அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாடு தாண்டிவிட்டது. பத்து நிமிஷ வேலையே இல்லை இது.

வலது விளக்கு தேறிவிட்டது. இடது பக்கம் வெடிப்பு ஆழமாக இறங்கியிருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. எதிரே வண்டி வந்தால் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் மின்னுகிறது. மஞ்சளாக இருந்தபோது ஆவி காட்டாமல் விட்டிருந்தால் அதுவும் தேறியிருக்கும் என்றார் அண்ணன். புது விளக்கு 4,000 ரூபாய் சொல்கிறார்கள். சொல்லிவைத்திருக்கிறேன், அது வரும்வரை ராத்திரியில் வண்டி எடுப்பதில்லை.