தாண்டிக்குடித் தோட்டத்தில் பழைய ஜிப்சி: சில மழைக்காலங்கள் ஓட்டிய பிறகு

தாண்டிக்குடிக்கும் மங்களம்கொம்புக்கும் நடுவில் எங்கள் காபித் தோட்டம். தார்ச்சாலையிலிருந்து களம் வரைக்கும் மண்பாதை, களத்திலிருந்து கீழ்க்காட்டுக்கு அதைவிட மோசமான பாதை. கீழ்ப்பழனி மலைக்குப் பெரிய மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். அரபிக்கா பழம் எடுப்பும் நவம்பரில் ஆரம்பித்துவிடும். பாதை சேறாகக் கிடக்கும் அதே மாதங்களில்தான் மூட்டையும் அதிகம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில், அதாவது பழத்தோல் உரிக்கும் இயந்திரத்தில், போட்டாக வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டையிலேயே சூடேறிப் புளித்து, தரம் போய்விடும். பாதை காயட்டும் என்று காத்திருக்க முடியாது. எனக்கு வண்டி வேண்டியிருந்தது இந்த ஒரு வேலைக்காகத்தான், கடைசியில் வாங்கியது மாருதியின் சின்ன ஜீப் மாதிரியான ஜிப்சி, அதுவும் பழையது. மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் ஏ.டி.வி. வாங்கலாம் என்றுதான் வீட்டில் பேச்சு வந்தது. கொடைக்கானல் பக்கம் சுற்றுலாத் திடல்களில் ஓடும் நான்கு சக்கர பைக்கைப் பார்த்துவிட்டு தம்பிக்கு அந்த ஆசை. அதில் நல்ல விஷயங்கள் இல்லாமல் இல்லை. டயரில் காற்று மிகக் குறைவாக, 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும். அதனால் சேற்றில் புதையாமல் மிதந்து போகும், செடி வரிசைக்கு நடுவில் மண்ணும் இறுகாது. ஆனால் நம் ஊரில் விற்கும் ஏ.டி.வி.களில் பெரும்பாலானவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. பொலாரிஸ் நிறுவனம் 2021-இல் டிராக்டர் வகையில் பதிவு செய்யக்கூடிய ஒன்றைக் கொண்டுவந்தது, விலை ஏறக்குறைய 8 லட்சம். எங்கள் தோட்டமோ சாலைக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. தினமும் தார்ச்சாலையைக் குறுக்கே கடக்காமல் வேலை நடக்காது. இன்னொன்று, அது ஒருவர் ஏறி உடம்பைச் சாய்த்துச் சமநிலை பார்த்து ஓட்டும் வண்டி. சரிவில் பின்னால் மூட்டையைக் கட்டி, அதற்கு மேல் ஒரு ஆளையும் உட்காரவைத்தால் கவிழ்வதற்குத் தயாராக நிற்கும். ஒரே ஏக்கரில் ரிசார்ட் நடத்துபவருக்கு அது சரி. காபி இறக்குபவருக்கு ஒத்துவராது.

அடுத்த கேள்வி, நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் புதிதா, பழையதா என்பது.

புதிதில் இரண்டு வண்டிகளைத்தான் யோசித்தேன். மஹிந்திரா தார், 2020 அக்டோபரில் வந்த தலைமுறை. மாருதி ஜிம்னி, 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கியது. இரண்டுமே நல்ல வண்டிகள், இரண்டையும் இந்த மலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு சக்கரம் காற்றில் தொங்கிச் சுழன்றால் பிரேக் தானாக அதைப் பிடித்து, விசையை எதிர்ச் சக்கரத்துக்கு அனுப்பும் வசதி இரண்டிலும் உண்டு. ஈரப் பாறையில் அது பெரிய உதவி. நான் தயங்கியது விலை போக வேறு காரணங்களுக்காக. டீசல் தார் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. புகைக்கரியைச் சேர்த்துவைக்கும் வடிகட்டி அதில் இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடவேண்டும். களத்துக்கும் காட்டுக்கும் முதல் கியரில் தவழ்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதற்காகவே மலையிறங்கித் திண்டுக்கல் வரை போய்வர வேண்டும். எடுப்பு நேரத்தில் ஒரு நாள் வண்டி இல்லாமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்று காபி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்த காரணம் எடை, அதை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். இந்த மலையின் செம்மண் நனைந்தால் சோப்பு மாதிரி. அதில் குதிரைத்திறன் அதிகமாக இருந்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று குழி தோண்டும், அவ்வளவுதான். கரை ஏற்றுவது குறைந்த எடையும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும், கட்டை கட்டையாகப் பிடிப்புள்ள நல்ல பட்டன் டயரும். கடைசித் தலைமுறை ஜிப்சியின் எஞ்சின் 1.3 லிட்டர் பெட்ரோல், 80 குதிரைத்திறன். ஆனால் துணிக்கூரை வண்டி 1,000 கிலோவுக்கும் குறைவு. ஜிம்னி ஏறக்குறைய 1,200 கிலோ, தார் அதைவிட நன்றாகவே கனம். பாதையோரம் இடிந்து வண்டி பள்ளத்தில் சரிந்தபோது பழம் பறிக்க வந்த ஆறு பேர் சேர்ந்து ஜிப்சியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பாதையில் வைத்துவிட்டார்கள். தார் விழுந்திருந்தால் டிராக்டரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகளைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். கே.சி. பட்டி, பெரும்பாறை ஆட்களுக்கு அவைதான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். பெஜோ எஞ்சின் வைத்த எம்.எம். 540-க்கு இன்றைக்கும் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் வத்தலக்குண்டில் கிடைப்பார். பாரம் இழுப்பதுதான் முக்கியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். ஆனால் எங்கள் கீழ்க்காட்டு வளைவுகள் குறுகல், சரிவும் அதிகம். அங்கே எனக்குச் சின்ன வண்டிதான் வேண்டியிருந்தது.

ஆகப் பழைய ஜிப்சி, 2012 மாடல், துணிக்கூரை, டி.என். 57 பதிவு. புதிய ஜிம்னி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடிந்தது.

வாங்குவதற்கு முன் பல ஊர்களில் வண்டி பார்த்தேன். கூடவே எங்கள் மெக்கானிக் அண்ணனும் வந்தார். "மேல பாக்காதீங்க தம்பி, பாயை விரிச்சுக் கீழ படுங்க" என்பதுதான் அவர் ஒவ்வொரு இடத்திலும் சொன்ன முதல் வார்த்தை. மலை வண்டிக்கு அது முழு உண்மை. பெயின்ட், சீட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் ஒரு வாரத்தில் மாற்றக்கூடியவை. சேஸிஸ் அரித்திருந்தால் வண்டியே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். பின்சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், பட்டை (ஸ்பிரிங் பட்டை) மாட்டும் கொக்கி, பாடி உட்காரும் ரப்பர் புஷ், இந்த மூன்று இடத்திலும் சேறு தங்கித்தான் துரு பிடிக்கும். அடியில் மட்டும் புதிதாகக் கருப்புப் பூச்சு பளபளத்தால் அது எதையோ மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோக்கர் காட்டிய வண்டியில் அந்தப் பூச்சைச் சுரண்டியதும் விரல் உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது எண்ணெய். வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல்; முன், பின் இரண்டிலும் மூடியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. விரலில் மினுமினுப்பு ஒட்டினால் உள்ளே இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரம் தேய்கிறது. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். அது தேய்ந்த ஜிப்சியில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறும்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதை மண் தரையில்தான் பார்க்கவேண்டும், தார்ச்சாலையில் கூடாது. இந்த வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு இடையில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். சேற்றில் அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் அழுத்தமெல்லாம் கியரிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும். ஃபோர் வீல் போட்டபடியே கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்கப்பட்ட வண்டிகளில் லோ கியர் இரைவதையும் லிவர் சிக்கிக்கொள்வதையும் நான் பார்த்த இடங்களிலேயே கேட்டேன், உணர்ந்தேன். முந்தைய ஓனரிடம் "எப்போ ஃபோர் வீல் போடுவீங்க?" என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பேப்பர் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். பெரிய டயர், உயர்த்திய பட்டை, மாற்றிய எஞ்சின் உள்ள வண்டிகள் பார்க்க நன்றாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும்படி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப் போகும்போது சிக்கல் வாங்கியவருக்குத்தான். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்தபின் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. தடையில்லாச் சான்று, இங்கே மறுபடியும் கட்டவேண்டிய சாலை வரி, அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சி என்றால் ஏலக் கடிதத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருந்தால், கடன் முடிந்ததைக் காட்டும் வங்கியின் 35-ஆம் படிவம் கைக்கு வந்த பிறகே, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து.

சரி, ஓட்டிய அனுபவம். எடுப்பு மாதங்களில் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுகிறோம். மழைக்குப் பின் கீழ்க்காட்டுக்குப் போகும் முன் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடுவேன். அதற்காகவே சிகரெட் லைட்டரில் மாட்டும் காற்று பம்ப் வண்டியிலேயே கிடக்கிறது. பாரத்தோடு இறங்கும்போது லோ முதல் கியரில் விட்டால் பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் பிடித்து நிறுத்தி இறக்கும். இதில் எனக்கு இருக்கும் நம்பிக்கை வேறு எந்த வண்டியிலும் வந்ததில்லை. ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு சுழன்றால் ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டர் கொடுப்போம், பெரும்பாலும் ஏறிவிடும். ஏறாத இடத்தில் சில்வர் ஓக் கிளையை வெட்டிப் போடுகிறோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லை. வத்தலக்குண்டு சந்தை நெரிசலில் தோள் வலிக்கும். சித்தரேவு தாண்டிச் சமவெளியில் வேகம் எடுத்தால் துணிக்கூரை அடிக்கும் சத்தத்தில் பேச முடியாது. பெட்ரோல் மலையில் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டரை ஒட்டித்தான். பட்டை இறுக்கமானது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்த வண்டியை எடுப்பதே இல்லை. எலிதான் பெரிய தொல்லை. மழை நாளில் எஞ்சின் சூட்டுக்கு வந்து ஒயரைக் கடித்துவிடும். நாப்தலீன் உருண்டை கட்டிப் பார்த்தோம், பயனில்லை. ராத்திரி பானட்டைத் திறந்தே வைத்து, களத்து விளக்கின் அடியில் நிறுத்த ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது.

செலவு என்று பார்த்தால் கிளட்ச் பிளேட், முன் கிங்பின் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஒரு செட் டயர். எல்லா உதிரிப் பாகமும் மதுரையில் கிடைத்தது, எல்லா வேலையும் வத்தலக்குண்டில் ஒரே மெக்கானிக் கையில் முடிந்தது. வாரத்தில் பாதி நாள் சமவெளிக்குக் குடும்பத்தோடு போய்வருபவருக்கு, ஏர்பேக் வேண்டும் என்று நினைப்பவருக்கு, நான் ஜிம்னியைத்தான் சொல்வேன். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் புதிதாகவே வாங்குங்கள். தோட்டத்துக்குள்ளேயே உழைக்கும் வண்டிக்கு அவ்வளவு பணத்தைப் போடவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

2027-இல் வண்டிக்கு 15 ஆண்டு முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, அதோடு பசுமை வரியும் உண்டு. எஃப்.சி. காட்டுவதற்கு முன் டிரைவர் பக்கத் தரைத் தகட்டில் வெல்டிங் வைக்கவேண்டும், பின் டிரம் பிரேக்கைப் புதுப்பிக்கவேண்டும். இந்த எடுப்பு முடிந்து மிளகு பறிக்க ஆரம்பிப்பதற்குள் இரண்டையும் முடித்துவிட மெக்கானிக் அண்ணனிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.